சிறுத்தைக்குப் போட்ட குரவை

தனுஷியாவுக்குச் சத்தம் போட வராது. பிறந்தபோதே அழாமல் கிடந்தாள் என்றும், மருத்துவிச்சி முதுகில் தட்டிய பிறகு மரியாதைக்காக "ம்" என்றாள் என்றும் அவளுடைய அம்மா சொல்வாள். தேற்றாத்தீவில் அவர்களுடைய வளவுக்குள் ஆடு நுழைந்தால் தனுஷியா "ச்சூ" என்பாள். ஆடு நிமிர்ந்து அவளைப் பார்க்கும். பிறகு தொடர்ந்து மேயும். பஸ்ஸில் "இறக்கம்" என்று சொல்ல வாய் வராமல் களுவாஞ்சிகுடிவரை போய், வெயிலில் நடந்து திரும்பிய நாட்களும் உண்டு.

அப்படிப்பட்டவளுக்குக் கிடைத்த வேலை, ஊர் ஊராகப் போய்ச் சனங்களுக்குச் சத்தம் போடச் சொல்லிக்கொடுப்பது.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் அது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில், இடம்பெயர்ந்து போனவர்கள் திரும்பி வந்து வட்டைகள் என்கிற தங்கள் வயல்வெளிகளை மறுபடி விதைத்திருந்தார்கள். ஆளில்லாத காலத்தில் வயலோரமாகக் காடு இறங்கி வந்திருந்தது. காட்டோடு சிறுத்தையும் வந்திருந்தது. அங்கே ஒரு கன்று, இங்கே ஒரு நாய் என்று காணாமல் போகத் தொடங்க, நகரத்தில் இருந்த ஒரு சிறிய நிறுவனம் விழிப்புணர்வு வேலைக்கு ஆள் எடுத்தது. விலங்கியல் படித்தவள் என்பதால் தனுஷியாவை எடுத்தார்கள். நேர்முகத் தேர்வில் அவள் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. ஆழமாக யோசிக்கிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டார்கள்.

நிறுவனத்துக்கு உதவி வந்தது கனடாவிலிருந்து. துண்டுப்பிரசுரமும் அங்கிருந்தேதான் வந்தது. அங்கே சிறுத்தை கிடையாது. கூகர் என்று ஒன்று இருக்கிறது: பூனைக் குடும்பத்தில் பெரியது, மண்ணிறம், புள்ளி இல்லை, மான் தின்னும், மனிதரைக் கண்டால் பெரும்பாலும் விலகிப் போகும். "இரண்டும் பூனைதானே, மொழிபெயர்த்து விடுங்க," என்றார் அதிகாரி. பனியில் சறுக்கிப் போகும்போது பிள்ளைகளைப் பின்னால் விட வேண்டாம் என்ற வரியைத் தனுஷியா தன் பொறுப்பிலேயே வெட்டினாள். மிச்சத்தில் பெரும்பகுதி சிறுத்தைக்கும் பொருந்தியது. ஓடாதே, ஓடுவதைத் துரத்துவது அதன் பிறவிக்குணம். குனியாதே, குனிந்தால் நாலுகால் இரை என்று எண்ணும். முதுகைக் காட்டாதே. கண்ணை எடுக்காதே. உன்னைப் பெரிதாகக் காட்டு. உரத்துப் பேசு. அது விலகிப் போக ஒரு வழியை விட்டுவை.

எழுதி முடித்துவிட்டு அவள் சற்று நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். மனிதரைக் கண்டால் அவள் நிலத்தைப் பார்ப்பாள், தோளை ஒடுக்குவாள், முடிந்தால் திரும்பி நடப்பாள். இத்தனை வருடமாக இரை எப்படி நடக்குமோ அப்படியேதான் நடந்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதையும் சத்தமில்லாமல் சிரித்தாள்.

அவளோடு ஊர்களுக்குப் போகிறவன் உதயரூபன். மோட்டார் சைக்கிள் அவனுடையது, ஒலிபெருக்கி நிறுவனத்தினுடையது. தனுஷியா சொல்லும் ஒவ்வொரு வசனத்தையும் வாங்கி, ஒலிபெருக்கியில் திருப்பிச் சொல்வது அவன் வேலை. சொல்லிச் சொல்லி அவள் குரல் அவனுக்கு மட்டும் கேட்கத் தொடங்கிவிட்டது. கார்த்திகை மழையில் ஒரு நாள், பாலத்தடியில் ஒதுங்கி நின்றபோது அவன் கேட்டான்: "எங்கட அம்மாட்ட உங்கட அம்மா ஒருக்கா வந்து பேசுவாவா?"

அந்தப் பக்கத்து வழக்கம் அது. பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போக வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலையை எதிர்பார்த்துக்கொண்டு, எதிர்பாராதவர்கள்போல் இருக்க வேண்டும். உதயரூபனால் முடிந்தது அவ்வளவுதான். இனி வாய் திறக்க வேண்டியவள் தனுஷியா. வீட்டில் போய், "அம்மா, எனக்கு ஒருவரைப் பிடிச்சிருக்கு" என்று சொன்னால் போதும். கார்த்திகை போய், மார்கழி போய், தை போய், மாசியும் வந்துவிட்டது. வட்டையில் நெல் வெட்டுத் தொடங்கிவிட்டது. அவள் இன்னும் சொல்லவில்லை.

அன்றைக்கு அவர்கள் குருக்கள்மடத்துத் துறையில் படகுப் பாதை ஏறினார்கள். இரண்டு தோணிக்குமேல் பலகை அடித்த மிதவை. ஆட்கள், சைக்கிள்கள், ஒரு ஆடு, இவர்களுடைய மோட்டார் சைக்கிள். வாவி கண் கூசும்படி மினுங்கியது.

"வெள்ளிக்கிழமை களுவாஞ்சிகுடியில இருந்து எங்கட வீட்ட வாறாங்களாம்," என்றான் உதயரூபன்.

தனுஷியா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"வெத்திலத் தட்டோட. அம்மாவுக்கு நல்ல விருப்பம். நான் வேணாம் எண்டு சொல்லலாம். 'ஏன் வேணாம், வேற ஆரும் கேட்டு வந்தாங்களா' எண்டு அம்மா கேப்பா. நான் என்ன சொல்ற?"

தனுஷியா தண்ணீரைப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமைக்கு முதல் வீட்ட சொல்லுவீங்களா, தனு?"

அவள் தலையாட்டினாள். தெளிவாக, நன்றாகவே ஆட்டினாள். ஆனால் அந்த நேரம் பார்த்து ஆடு மோட்டார் சைக்கிளில் இடிக்க, அது சரிய, உதயரூபன் பாய்ந்து அதைப் பிடித்தான். அவன் திரும்பியபோது அவள் தலையாட்டி முடித்திருந்தாள். ஒருதரம் ஆட்டிய தலையை மறுதரம் ஆட்ட அவளுக்குத் துணிவு போதவில்லை.

அன்றைக்குப் போனது உதயரூபனுடைய சொந்த ஊருக்கு. கொக்கட்டிச்சோலைக்கு அப்பால், வட்டையும் காடும் முட்டுகிற இடம். அம்மன் கோயில் முன்றலில், வேப்பமர நிழலில் பாய் விரித்திருந்தார்கள். வயலில் கதிர் பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சாக்குகளோடு வந்து குந்தினார்கள். காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் புடவைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்த மஜீட், கூட்டம் முடியாமல் யாரும் புடவை பார்க்கப் போவதில்லை என்று கண்டு தானும் ஒரு ஓரமாக இருந்தார்.

முன்வரிசையில் கண்ணகை இருந்தாள். உதயரூபனின் அம்மா. அந்த ஊரில் மாலை மாற்றுவதென்றாலும் வயதுக்கு வந்த பிள்ளைக்குத் தண்ணீர் வார்ப்பதென்றாலும் பெண்கள் நாக்கைச் சுழற்றி எழுப்புகிற அந்த மங்கலச் சத்தத்தில், முதல் குரவை அவளுடையது. கண்ணகை குரவை போட்டால் வாவிக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள் என்று ஊரில் பகிடி. பெரிய உடம்பு, பெரிய பொட்டு, கண் இமைக்காமல் பார்க்கிற பழக்கம். அவளை எப்படிக் கூப்பிடுவது என்பதே தனுஷியாவுக்குப் பெரிய தலையிடியாக இருந்தது. அக்கா என்றால் வயதுக்குப் பொருந்தாது. அன்ரி என்றால் நகரத்துக்காரி என்று சிரிப்பார்கள். மாப்பிள்ளையின் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி மாமி என்று சொல்லலாம். சொன்னால் வேறொன்றும் சொல்ல மிச்சமிருக்காது. ஆகவே எதுவும் சொல்லாமல் கும்பிட்டாள்.

உதயரூபன் படத்தை விரித்துப் பிடித்தான்.

"இது என்ன மருமகன், மாடா?" என்று கேட்டார் நல்லரத்தினம். கண்ணகையின் தம்பி. போன கிழமை கன்று பறிகொடுத்தவர் அவர்தான்.

"கூகர், மாமா. கனடாவில இருக்கிறது. நம்மட சிறுத்தைக்குச் சொந்தக்காரன்."

"புள்ளி எங்க?"

"அதுக்குப் புள்ளி இல்ல."

"வெளுத்துப் போயிருக்கும்," என்றார் மஜீட். "சாயம் நிக்காத சாமான். காத்தான்குடியில எடுத்திருந்தா நிண்டிருக்கும்."

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, தனுஷியா "வணக்கம்" என்றாள். எந்தக் கூட்டத்திலும் அவள் அப்படித்தான் தொடங்குவாள். அந்த ஒரு சொல்மட்டும் பயமில்லாமல் வரும்.

"ஓட வேண்டாம்," என்றாள் அடுத்ததாக.

"என்னவாம்?" என்றார்கள் பின்னால்.

"சிறுத்தையைக் கண்டா ஓட வேணாமாம்," என்றது ஒலிபெருக்கி.

"நீங்க கரைப்பக்கம்தானே பிள்ள?" கதிர்ச் சாக்கோடு இருந்த ஒருத்தி கேட்டாள். "கடல் வந்த அண்டைக்கு நீங்க என்ன செஞ்ச?"

"ஓடினேன்."

"ஓடினபடியாத்தானே இண்டைக்கு வந்து ஓட வேணாம் எண்டு சொல்றீங்க."

முன்றல் முழுக்கச் சிரித்தது. தனுஷியாவுக்கும் சிரிப்பு வந்தது. உண்மைதான். சுனாமி அடித்த அன்றைக்கு அவளும் அம்மாவும் பிரதான வீதி தாண்டி, வயல் தாண்டி, வாவிக்கரை மட்டும் ஓடினார்கள். இன்றைக்கும் காற்று கொஞ்சம் பலமாக இரைந்தால் அவளுடைய கால் செருப்பைத் தேடும்.

"சரி, ஓடல்ல," என்றார் நல்லரத்தினம். "படுத்துக்கிறம். எங்களுக்கு அது நல்லா வரும். ஷெல் வரக்குள்ள ஆரும் கடதாசி தந்து படிப்பிக்கல்ல. கூவுற சத்தம் கேட்டா உடம்பு தானாப் படுத்திரும்."

"படுக்கவும் கூடாது. குனியவும் கூடாது."

"பாருங்கவன். கடலுக்கு ஓடினம். ஷெல்லுக்குப் படுத்தம். இதுக்கு ரெண்டும் ஒண்ணாதாம். இதுக்கெண்டு புதுசா ஒரு உடம்புக்கு நாங்க எங்க போற?"

"உங்களைப் பெரிதாகக் காட்ட வேண்டும்," என்று தனுஷியா படத்தைக் காட்டினாள். கனடாக்காரர் ஒருவர் தன் மேலங்கியை இரண்டு பக்கமும் விரித்துத் தலைக்குமேல் பிடித்திருந்தார். "உடுத்திருக்கிறதை இப்படி விரிச்சு..."

உதயரூபன் அதை ஒலிபெருக்கியில் சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. முன்றலில் இருந்த ஆண்களில் முக்கால்வாசிப் பேர் இடுப்பில் சாறன் மட்டுமே கட்டியிருந்தார்கள்.

நல்லரத்தினம் தன் சாறனைக் குனிந்து பார்த்தார். "விரிச்சுத் தலைக்கு மேல பிடிக்கவா, பிள்ள?"

"அதைக் கண்டா சிறுத்தை மட்டுமில்ல, யானையும் போயிரும்," என்றாள் கண்ணகை.

பெண்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து சிரித்தார்கள். தனுஷியாவின் காது சூடேறியது. அவசரமாக அடுத்த வரிக்குப் போனாள்: உரத்த, உறுதியான குரலில் பேச வேண்டும்.

"எப்பிடி? ஒருக்காச் செஞ்சு காட்டு மனே," என்றாள் கண்ணகை.

தனுஷியா மூச்சை இழுத்து, கண்ணை மூடி, "ஏய்," என்றாள். வேப்பமரத்தில் இருந்த காகம்கூடத் திரும்பவில்லை.

"இதுக்குச் சிறுத்தை ஓடாது தங்கச்சி, நித்திரையாப் போகும்," என்றார் மஜீட்.

"அக்கா, நீ ஒரு குரவை போட்டாக் காணுமே," என்றார் நல்லரத்தினம். "அது மலையே ஏறிரும்."

கண்ணகையின் முகத்தில் சிரிப்பு நின்றது. "வாயைக் கழுவுடா. குரவை நல்லதுக்குப் போடுறது. மாலை மாத்தப் போடுவம், அம்மன்ட கதவு திறக்கப் போடுவம். மிருகத்துக்குக் குரவை போட நான் என்ன விசரியா?"

அந்த ஊரில் ஷெல் விழுந்த காலத்தில்கூட யாரும் கெட்டதற்குக் குரவை போட்டதில்லை. ஒரு குரவை கேட்டால் எங்கோ ஒரு வீட்டில் நல்லது நடக்கிறது என்று பொருள். கேட்டவர்கள் பதில் குரவை போட வேண்டும். போடாமல் விட்டால் மனம் வேறு என்று பொருள்.

தனுஷியாவுக்கும் குரவை தெரியும். அது யாருக்கும் தெரியாது. தன் அக்காவின் கலியாணத்தில் பெண்கள் கூட்டத்தின் நடுவில் நின்று, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அவள் போட்ட குரவைக்கு மணவறைப் பூ ஆடியது. யார் அது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளும் அவர்களோடு சேர்ந்து திரும்பிப் பார்த்தாள். குரவையில் அவளுக்குப் பிடித்ததே அதுதான்: முகம் தெரியாது, சொல்லும் தேவையில்லை.

கூட்டம் முடிந்ததும் அலுவலகத்துக்குச் சிறுத்தையின் காலடியைப் படம் பிடிக்க வேண்டியிருந்தது. கன்று போன இடம் வட்டையின் கடைசியில், வாய்க்காலோரம் நிற்கும் மருதமரத்தடி. கூட்டிப் போவதாகச் சொன்ன நல்லரத்தினத்தைக் களவெட்டியில் நெல் சூடடிக்கிறவர்கள் கூப்பிட்டுவிட்டார்கள்.

"மருமகனுக்கு வழி தெரியும்தானே," என்றார். "நேர போங்க. மிஸ்ஸைச் சேத்துக்குள்ள விழுத்திராத."

இருவரும் வயல் வரம்பில் நடந்தார்கள். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தனுஷியா கறுப்புக் குடையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். வயலில் மறுபடி இறங்கிய பெண்கள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்ப்பது அவளுக்கு முதுகில் தெரிந்தது.

"அம்மாவுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றான் உதயரூபன், முன்னால் நடந்துகொண்டே.

"எப்படித் தெரியும்?"

"மனே எண்டு சொன்னாவே. பிடிக்காட்டி மிஸ் எண்டுதான் சொல்லுவா."

அவள் இதற்கு ஒரு பதில் தயாரித்தாள். இன்றைக்கு அம்மாவிடம் சொல்கிறேன் என்பதே பதில். அதை மனதுக்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்து, இன்னொருதரம் சொல்லிப் பார்த்து, தொண்டைவரை கொண்டு வந்துவிட்டாள். அப்போது வாய்க்காலோர இலுக்குப்புல் விலகியது. வரம்பின்மேல் சிறுத்தை ஏறி நின்றது.

தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்க வேண்டும். தாடையில் துளி தொங்கியது. இளம் வயது, வழவழப்பான தோல், மாலை வெயிலில் புள்ளி ஒவ்வொன்றும் இப்போதுதான் மை தொட்டு வைத்ததுபோல இருந்தது. சாயம் நல்ல சாயம்தான் என்று தனுஷியாவின் மனதில் ஒரு நினைப்பு ஓடியது. அது அவர்களை எதிர்பார்க்கவில்லை. அவர்களும் அதை எதிர்பார்க்கவில்லை. மூவரும் நின்றார்கள்.

பிறகு உதயரூபன் படுத்தான்.

அவன் வேண்டுமென்று படுக்கவில்லை. முந்தின நிமிடம்வரை ஊர் ஊராக ஒலிபெருக்கியில் "படுக்க வேண்டாம்" என்று முழங்கியவன்தான். ஆனால் அவன் உடம்புக்கு ஒலிபெருக்கி வருமுன்பே படிப்பு முடிந்திருந்தது. முழங்கை மடிந்தது, நெஞ்சு சேற்றில் பதிந்தது, இரண்டு கையும் பிடரியில் கோத்துக்கொண்டன. பார்க்க மிக அழகான படுப்பு.

தனுஷியாவின் கால்களும் தம் பாட்டில் புறப்பட்டுவிட்டன. ஒரு குதி தூக்கிவிட்டது. ஓடாதே என்று அவள் தன் காலுக்குச் சொன்னாள். கால் கேட்டது. அவளுடைய வாழ்க்கையில் அவள் சொல்லி ஒன்று கேட்பது அதுதான் முதல் தடவை.

சிறுத்தை தலையைத் தாழ்த்தியது. காது இரண்டும் பின்னால் சாய்ந்தன. வாலின் நுனிமட்டும் துடித்தது. அதன் பார்வை அவள்மேல் இல்லை. சேற்றில் சின்னதாக, தட்டையாகக் கிடந்தவன்மேல் இருந்தது.

"எழும்புங்க," என்றாள் தனுஷியா.

"ஒண்ணாது," என்றது சேறு.

அவள் அவனைத் தாண்டி ஒரு அடி முன்னால் வந்து நின்றாள். குடையை விரித்தாள். 'பட்' என்று அது விரிந்ததும் சிறுத்தை ஒரு முறை கண் சிமிட்டியது. உரத்த, உறுதியான குரலில் பேச வேண்டும். தனுஷியா வாயைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த ஒரே தொடக்கம் வந்தது.

"வணக்கம்," என்றாள்.

சிறுத்தை ஒரு காதை மட்டும் முன்னால் திருப்பியது. மேலே சொல்லட்டும் என்று காத்திருப்பதுபோல நின்றது. சொல்ல ஒன்றுமில்லை. சொல் எல்லாம் எங்கோ ஓடிப்போயிருந்தது. ஆகவே, சொல் தேவையில்லாத ஒன்றை அவள் செய்தாள். இடது கையால் குடையை உயர்த்தி, வலது கையை வாயருகே கொண்டுபோய், நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டாள்.

அது வட்டையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயிற்று. மருதமரத்துக் கொக்கெல்லாம் ஒரே வெள்ளையாகக் கிளம்பின. சிறுத்தை பின்னங்காலில் குந்தியது. முகத்தைச் சுளித்தது. இப்படியொன்றை அது கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் தூரத்தில், கலியாண வீடுகளில்தான் கேட்டிருக்கும். தனுஷியா கண்ணை எடுக்கவில்லை. வரம்பில் ஓரமாக ஒரு அடி விலகி, காட்டுப் பக்கம் அதற்கு வழி விட்டாள். மூச்சு வாங்கி இரண்டாம் குரவை. சிறுத்தை எழுந்து, மரியாதை கெடாமல் முதலில் நடந்து, பிறகு நடையை ஓட்டமாக்கி, இலுக்குப்புல்லுக்குள் போயிற்று. புல் அசைவது நின்றது.

மூன்றாவது குரவை தேவைப்படவில்லை. ஆனால் தொண்டை திறந்துவிட்டது. உடம்பெல்லாம் சிரிப்பாக இருந்தது. அதையும் போட்டாள்.

அப்போது வட்டையின் நடுவிலிருந்து பதில் வந்தது.

கதிர் பொறுக்கிக்கொண்டிருந்த ஒருத்தி முதலில் போட்டாள். அடுத்தவள் வாங்கினாள். களவெட்டிப் பக்கம் ஒன்று, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒன்று. பிறகு ஊருக்குள்ளிருந்து, எல்லாவற்றையும் மூடிக்கொண்டு, யாருடையது என்று சொல்லத் தேவையில்லாத ஒரு குரவை எழுந்தது.

உதயரூபன் தலையைத் தூக்கினான். மூக்கு நுனியில் சேறு. "அது அம்மா," என்றான். பிறகு, "அவ ஏன் குரவை போடுறா?"

தனுஷியா குடையை மடக்க மறந்து நின்றாள். அவளுக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேர் தனியாக வரம்பில் போனார்கள். போன கொஞ்ச நேரத்தில் மூன்று குரவை கேட்டது. சிறுத்தைக்குக் குரவை போடுகிறவர்கள் இந்த ஊரில் யாருமில்லை.

"எழும்பி முகத்தைத் துடைங்க," என்றாள். "ஊர் வருகுது."

ஊர் வந்தது. வரம்பு வரம்பாக, சாக்கை எறிந்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தது. நல்லரத்தினம் வைக்கோல் தூசியோடு வந்தார். மஜீட் சிவப்புச் சேலை ஒன்றைப் பொட்டலத்திலிருந்து இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையில் போனோடு வந்தார்.

"தேத்தாத்தீவு பூமணியக்காட மகள்தானே நீங்க? அவ நம்மட்ட நெடுக உடுப்பு எடுக்கிற. கோல் எடுத்துச் சொல்லிட்டன் தங்கச்சி."

"என்ன சொன்னீங்க?" என்றான் உதயரூபன்.

"மகள் வட்டைக்குள்ள குரவை போட்டா, மாப்பிள்ளை பக்கத்தில நிக்கிறார் எண்டு சொன்ன. மாப்பிள்ளை ஆரு எண்டு அவ கேக்கல்ல. 'என்ட பிள்ளைட சத்தமா, உங்களுக்குக் கேட்டதா' எண்டு மூணு தரம் கேட்டா. மறுகா, குருக்கள்மடத்தில பாதை ஏறப் போறன் எண்டு வெச்சிட்டா."

நல்லரத்தினம் மருமகனின் சேறு படிந்த நெஞ்சை மேலும் கீழும் பார்த்தார். "பாருங்கடா. தாலி கட்டுறதுக்கு முதலே காலில விழுந்திட்டான். எங்கட குடும்பத்தில இப்பிடி ஒருத்தரும் விழுந்ததில்ல."

"மாமா, அது சிறுத்தை..." என்று தொடங்கினான் உதயரூபன்.

"சிறுத்தையாம்," என்றாள் கதிர் பொறுக்குகிறவள் ஒருத்தி. "கட்டிக்கப் போறவளைச் சிறுத்தை எண்டு சொல்ற ஆம்பிளை."

அந்தச் சிரிப்புக்கு நடுவே கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட, கண்ணகை வந்தாள். மூச்சு வாங்கியது. பெரிய பொட்டு வியர்வையில் கரைந்து மூக்குக்கு இறங்கியிருந்தது. மகனை ஒருதரம் பார்த்தாள். பிறகு தனுஷியாவின் முன்னால் வந்து நின்றாள். இமைக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை எங்கட வீட்ட ஆக்கள் வாறாங்க," என்றாள். "இந்தக் குரவை என்னத்துக்குப் போட்டது எண்டு எனக்குத் தெரிய வேணும். அவன் சொல்ல வேணாம். நீ சொல்லு."

சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. தனுஷியாவின் கண் பழக்கத்தில் நிலத்தைத் தேடிப் போயிற்று. தோள் ஒடுங்கப் பார்த்தது. கால், வழக்கம்போல, செருப்பைத் தேடியது. ஒரு சொல் போதும், எல்லாம் கலைந்துவிடும். சிறுத்தை என்று சொன்னால் எல்லோரும் ஐயோ என்று காட்டுப் பக்கம் பார்ப்பார்கள். அவள் சத்தமில்லாமல் பாதை ஏறிப் போய்விடலாம். வெள்ளிக்கிழமை களுவாஞ்சிகுடிக்காரர் வெற்றிலைத் தட்டோடு வந்து சேர்வார்கள்.

அவள் குனியவில்லை. திரும்பவும் இல்லை. குடை இன்னும் விரிந்தே இருந்தது. அதைத் தாழ்த்தாமல், கண்ணகையின் கண்ணைப் பார்த்தாள். கிட்டப் பார்த்தால் அந்தக் கண்ணிலும் பயம் இருந்தது. மகன் யாரைக் கொண்டு வரப்போகிறானோ என்ற சின்னப் பயம்.

"சிறுத்தைக்குத்தான் போட்டன், மாமி," என்றாள்.

ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரம்பில் நின்றவளுக்கும் அது கேட்டது.

கண்ணகையின் வாய் திறந்தது. "சிறுத்தைக்கா?" என்றாள். அந்தச் சொல்லைத் தாண்டி மற்றச் சொல் மெதுவாக அவளுக்குள் போய்ச் சேர்ந்தது. "மாமியா?"

"ஓம் மாமி. முதல் ரெண்டும் சிறுத்தைக்கு. அம்மா வந்து உங்களோட பேசுவா. வெள்ளிக்கிழமை வாறவங்களை வர வேணாம் எண்டு சொல்லுங்க."

உதயரூபன் சேற்று முகத்தோடு அவளைப் பார்த்த பார்வையை அவள் பார்க்கவில்லை. கண்ணை எடுக்கக் கூடாது என்று நின்றிருந்தாள்.

"அப்ப மூண்டாவது?" என்று கேட்டாள் கண்ணகை.

தனுஷியா குடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். குடை குலுங்கியது.

"அடியே, நீ என்ட குரவையைவிட நீட்டாப் போட்டாய்," என்றாள் கண்ணகை. அவளுடைய பெரிய கை குடையைத் தள்ளிவிட்டு, தனுஷியாவின் முகவாயைப் பிடித்துத் தூக்கியது. "இந்த ஊரில எனக்குமேல ஒருத்தியும் போட்டதில்ல. இனி நான் எந்த வீட்டில முதல் குரவை போடுற?"

"ரெண்டு பேருமாப் போடுங்க. காது கேக்காத ஊராப் போகட்டும்," என்றார் நல்லரத்தினம். பிறகு அவருக்கு ஏதோ நினைவு வந்து குரல் தாழ்ந்தது. "மருமகன், சிறுத்தை எண்டது... மெய்யான சிறுத்தையா?"

உதயரூபன் வரம்பைக் காட்டினான். ஈர மண்ணில் காலடி பூப்போலப் பதிந்திருந்தது. அதற்குப் பக்கத்தில் அவனே முழுசாகப் பதிந்திருந்தான்.

பிறகு ஊர் நகர்ந்தது. யாரும் ஓடவில்லை. யாரும் படுக்கவில்லை. தோளோடு தோள் ஒட்டி, பெரிய ஒரு உடம்பாகச் சேர்ந்து, கண்ணைக் காட்டிலிருந்து எடுக்காமல், பின்பக்கமாக அடி வைத்து நடந்தார்கள். துண்டுப்பிரசுரத்தில் இருந்த மாதிரியே. நல்லரத்தினம் மட்டும் தன் சாறனின் முடிச்சை இறுக்கிப் பிடித்திருந்தார்.

"தேவைப்பட்டா விரிக்கிறதுக்கு," என்றார், யாரும் கேட்காமலே.

கோயிலடிக்கு வந்து, விளக்கு ஏற்றும் நேரமும் ஆனபோது, அம்பிளாந்துறையிலிருந்து வரும் வழியில் குரவை ஒன்று கேட்டது. மெல்லிய, பழக்கமில்லாத, பாதியில் விக்கிய குரவை. தனுஷியாவுக்கு அது யார் என்று தெரிந்தது. அம்மாவுக்கும் சத்தம் போட வராது.

கண்ணகை அவளை முழங்கையால் இடித்தாள். "உங்கட அம்மா பாதை கடந்து வந்திட்டா. பதில் போடு. போடாட்டி மனம் வேற எண்டு நினைப்பா."

தனுஷியா வாயருகே கையைக் கொண்டுபோனாள். இந்த முறை முகத்தை மறைக்கவில்லை.